ஐந்தாவது சிலுவை

ஒசோகினோ, இடது கரை
1953 ஜூன் 14

அன்புள்ள புரோகோர் அண்ணா,

இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். ஆனால் தெரியாதவள் போல உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள். சற்று முன் கிழங்கைப் பார்த்தே, "அவன் சாப்பிடறானான்னு கேளு" என்றாள். கேட்டுவிட்டேன். சாப்பிடுகிறாயா?

நீ அணை கட்டுகிற இடத்து விளக்குகள் நம் பரண் ஜன்னலிலிருந்து தெரிகின்றன. நடுவில் வோல்கா மட்டும்தான். ஆனால் கடிதம் பெருநகரத்துத் தபால் நிலையத்தைச் சுற்றி வந்து சேர எட்டு நாள் ஆகுமாம். கத்தினால் ஒருவேளை கேட்கும். எனக்குத்தான் கத்த வராதே.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. குடிபெயர்ப்பு அலுவலகத்தில் குறி போடும் பெண். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன் நின்று வாய் திறக்க முடியாமல் ஆறாம் வகுப்போடு ஓடி வந்தவளுக்கு யார் வேலை தருவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆய்வாளர் லுகிச் என் எழுத்தைப் பார்த்தார். "பேசாத பொண்ணா? ரொம்ப நல்லதாப் போச்சு. பேசறவங்க எண்ணிக்கையை விட்டுடுவாங்க" என்றார். ஒரு வாளிக் கறுப்புச் சாயமும் ஒரு டப்பா சிவப்புச் சாயமும் கையில் கொடுத்துவிட்டார்.

வேலை இதுதான். வீடு வீடாகப் போகிறோம். சுவரின் ஒவ்வொரு உருட்டு மரத்திலும் கறுப்பில் எண் எழுதுவேன். எந்தச் சுவர், கீழிருந்து எத்தனையாவது வரிசை என்று. அப்போதுதான் பிரித்து லாரியில் ஏற்றி, மேட்டில் கட்டுகிற புது ஊரில் அதே மாதிரி அடுக்க முடியும். லுகிச் கோடரியின் பின்புறத்தால் தட்டுவார், குத்தூசியால் குத்துவார். மரம் இற்றுப்போயிருந்தால் "சிலுவை" என்பார். நான் சிவப்பில் சிலுவை போடுவேன். நான்கு சிலுவை வரை வீட்டுக்கு லாரி உண்டு. சிலுவை விழுந்த மரங்களுக்குப் பதிலாகப் புது மரமும் உண்டு. ஐந்து விழுந்தால் லாரி கிடையாது. வீட்டை எரித்துவிட்டு, ஆட்களுக்குத் தொழிலாளர் கொட்டகையில் ஓர் அறை. மறுநாள் குமாஸ்தா வந்து சிலுவைகளை எண்ணிக் காகிதத்தில் ஏற்றிக்கொண்டு போவார்.

நம் தெருவுக்கு அடுத்த மாத நடுவில் வருவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அணைத் தண்ணீர் நம் ஊரில் எதுவரை ஏறும் என்று ஜன்னலுக்கு மேலே நீ போட்ட சிவப்புக் கோடு இன்னும் இருக்கிறது. அப்பா கத்தியால் சுரண்டினார். சாயம் மரத்துக்குள் இறங்கிவிட்டது. அன்று அவர் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "முப்பது வருஷமா ஆத்துல மிதவைக்கு விளக்கு ஏத்தறேன். ஆத்துக்கே கோடு போட வந்துட்டியாடா? அதுவும் என் சுவத்துல?" பிறகு அந்தச் சத்தியம். "இந்த வாசப்படியை அவன் தாண்டக் கூடாது. அவன் உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்."

இப்போது நானும் சாயவாளி தூக்குகிறேன். அப்பா என் விரல்களைப் பார்க்கிறார்.

உன் தங்கை,
உஸ்தியா


வலது கரை
1953 ஜூன் 27

மீனே,

உன் கடிதம் வந்தது. நேரில் பத்து வருஷத்தில் பேசாததை நான்கு பக்கத்தில் பேசிவிட்டாய். வாய் திறக்காத மீன் என்று உனக்குப் பேர் வைத்தவன் நான்தான். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். முட்டைக்கோஸ் சூப், ரொட்டி, மறுபடி முட்டைக்கோஸ் சூப். அறையில் நாற்பது பேர், ஒரு கெட்டில். என் மண்வெட்டி இயந்திரத்தின் ஒரு வாளியில் நம் குளியல் குடிசை அப்படியே அடங்கும். நேற்று கூடச் சுழற்றும்போது அதைத்தான் நினைத்தேன்.

அப்பா என்னவேண்டுமானாலும் சொல்லட்டும். பழைய ஊர் எதற்காக உண்டானது? உப்புப் படகுகள் நின்று போக. உப்புப் படகு போய் நாற்பது வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகும் பேரிக்காய் மரத்தடியில் உட்கார்ந்து படகு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். மேட்டில் வரப்போவது வேறு மாதிரி. இயந்திரத் தொழிற்சாலை, ரசாயனத் தொழிற்சாலை, நம் அணையின் மின்சாரம். எங்கள் பொறியாளர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். பத்து வருஷத்தில் ஒரு லட்சம் பேர் என்கிறார். ஒரு லட்சம் பேர், மீனே! ஒசோகினோவில் இப்போது மாட்டையும் சேர்த்து எண்ணினால்தான் பன்னிரண்டாயிரம் வரும்.

ஆனால் வரைபடம் வேறு, வீடு வேறு. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும். நம் வீடு தேறுமா? அப்பா மனசு என்றைக்காவது மாறினால், நான் வந்து தட்ட ஒரு கதவு வேண்டும். கொட்டகை அறைக்கு நான் என்னவென்று வருவேன்? அதில் நீங்கள் மூன்று பேர் படுத்தாலே கால் வெளியே நீட்டும்.

அந்த வீடு நிற்கட்டும். அது போதும் எனக்கு.

புரோகோர்


புது ஒசோகினோ, கூடாரம்
1953 ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணா,

வீடு தேறிவிட்டது. நான்கு சிலுவை.

பக்கத்து வீட்டு கிளாவ்தியா அக்காவுக்கு ஐந்து. அவள் புருஷன் போரில் பட்ட காயத்தால் நாலு வருஷம் முன் போனபின் கூரைத் தகரம் மாற்ற ஆள் இல்லாமல் வடக்குச் சுவர் நனைந்துகொண்டே இருந்தது. லுகிச் ஐந்தாவது முறை "சிலுவை" என்றபோது அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றாள். "கொஞ்சம் சின்னதாப் போடேன்டி, அவங்க கண்ணுல படாம" என்றாள் சிரித்துக்கொண்டே. நான் மற்றவை போலவே போட்டேன்.

போன வியாழக்கிழமை அவள் வீட்டை எரித்தார்கள். தண்ணீர் ஏறும்போது எதுவும் மிதக்கக் கூடாதாம். அடுப்பு மட்டும் புகைபோக்கியோடு நின்றது. அவள் மகள் லீதா, ஐந்து வயது, "அம்மா, நம்ம அடுப்புக்குக் குளிருமா?" என்று கேட்டது. கிளாவ்தியா அக்கா அழவில்லை. அவள் ரொட்டிக் கூடத்தில் வேலை செய்கிறவள். நெருப்பைப் பார்த்து, "இந்தச் சூட்டுல எரநூறு ரொட்டி சுட்டிருப்பேன்" என்றாள்.

நம் வீட்டைப் பிரித்த அன்று அப்பா ஆற்றில் இருந்தார். வேண்டுமென்றேதான். இரண்டு லாரி மரம். புறப்படும்முன் அம்மா அடுப்புத் தணலை ஒரு மண்சட்டியில் எடுத்துக்கொண்டாள். பிறகு வீட்டைக் காக்கிற ஆவிக்காக ஒரு பழைய கம்பளிப் பூட்ஸை அடுப்புக்குப் பின்னால் வைத்து, "வீட்டுத் தாத்தா, பூட்ஸுல ஏறிக்கோங்க. எங்களோட வாங்க. தனியாத் தண்ணியில கிடக்காதீங்க" என்று மூன்று முறை கூப்பிட்டாள். லாரி டிரைவர் கட்சிக்காரப் பையன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினான். தாத்தா விழுந்துவிடக் கூடாது என்று அவனுக்கும் இருந்திருக்கும்.

அது உன் பூட்ஸ். இடது கால்.

உனக்கு ஒன்று எழுத நினைத்தேன். வேண்டாம். வீடு தேறிவிட்டது, அதுதானே நீ கேட்டது.

உஸ்தியா


வலது கரை
1953 ஆகஸ்ட் 19

மீனே,

படித்துவிட்டு என் மண்வெட்டி இயந்திரத்தின் ஊதலை மூன்று தடவை அழுத்தினேன். மேஸ்திரி, "என்னடா, கல்யாணமா?" என்றார். "வீடு தேறிடுச்சு" என்றேன். "யாரு வீடு?" என்றார். "நான் போக முடியாத வீடு" என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

இத்துடன் ஒரு கதவுக் கைப்பிடி அனுப்பியிருக்கிறேன். பித்தளை. நானே கடைந்தது. அப்பா கேட்டால் அலுவலகத்தில் கொடுத்தார்கள் என்று சொல்.

என்ன எழுத நினைத்தாய்? பாதியில் நிறுத்துகிற பழக்கத்தைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிடு.

இங்கே நதியின் பாதியை மண்ணால் அடைத்துவிட்டோம். முள்வேலிக்கு அந்தப் பக்கத்துக் கைதிகளுக்கு நாங்கள் சிகரெட் எறிகிறோம். அவர்கள்தான் அடித்தளம் தோண்டுகிறார்கள். இதை யாரிடமும் படித்துக் காட்டாதே.

புரோகோர்


புது ஒசோகினோ, ஏழாவது வட்டாரம், வீடு 22
1953 அக்டோபர் 11

அன்புள்ள அண்ணா,

மேலே இருக்கிற முகவரியைப் பார்த்தாயா? தெருவுக்குப் பேர் கிடையாது, எண்தான். வட்டாரமும் எண், வீடும் எண், மரமும் எண். சில சமயம் எனக்கே முதுகில் எண் எழுதியிருக்குமோ என்று தோன்றுகிறது.

வீட்டை ஒன்பது நாளில் அடுக்கிவிட்டார்கள். தச்சர்கள் அவசரத்தில் இருந்தார்கள், வட்டாரத்துக்கு வாரம் ஏழு வீடு கணக்கு. ஒரு வேடிக்கை சொல்கிறேன். உன் சிவப்புக் கோடு அந்த வரிசை மரங்களில் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு வந்தது. தச்சர்கள் அதை வைத்துத்தான் சுவர் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். "இந்தக் கோட்டைப் போட்டவன் நல்ல கைக்காரன்" என்றான் ஒருவன். அப்பா பக்கத்தில்தான் நின்றார். ஆற்றைப் பார்க்கிற பழக்கத்தில் திரும்பினார். இங்கிருந்து ஆறு தெரியாது. பைன் காடு.

தண்ணீர் இந்த மேட்டுக்கு வராது. கோடு மட்டும் வந்துவிட்டது.

இங்கே எல்லாவற்றிலும் மணல். ரொட்டியில், தலையணையில், பல்லில். கடையில் நான்கு அக்கார்டியன் இருக்கின்றன, உப்பு இல்லை. தொழிற்சாலைக்கு முதல் புகைபோக்கி எழும்பிவிட்டது. ரயிலில் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். நேற்று தண்ணீர்க் குழாய் வரிசையில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. யாரும் "ஏன் பேச மாட்டேங்கற?" என்று கேட்கவில்லை.

கிளாவ்தியா அக்காவைக் கொட்டகையில் பார்த்தேன். ஓர் அறையில் மூன்று குடும்பம், நடுவில் போர்வையைத் திரையாகக் கட்டியிருக்கிறார்கள். லீதாவுக்கு இருமல். "உங்க வீடு கொடுத்து வெச்சதுடி. எங்களுது ஒரே ஒரு மரத்துல போச்சு" என்றாள். எனக்கு அவள் கொடுத்த தேநீரைக் குடிக்க முடியவில்லை.

கதவு ஒட்டிக்கொள்கிறது. புது வீடு உட்காரும், அப்படித்தான் இருக்கும் என்கிறாள் அம்மா. உன் கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் திறக்கிறது.

உஸ்தியா


புது ஒசோகினோ
1953 டிசம்பர் 3

அண்ணா,

உன் பதில் வரவில்லை. ஆற்றுப் பனி வண்டி தாங்கும் அளவுக்குக் கெட்டியாகும்வரை தபால் நின்றுவிட்டது என்கிறார்கள். நான் காத்திருக்க முடியாது.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவும் நானும் சாக இருந்தோம். அப்பா காலையிலேயே ஆற்றுக்குப் போயிருந்தார். பனிக்காலத்தில் அவருக்கு மிதவை வேலை இல்லை. பனிமேல் வண்டிப்பாதைக்கு இரண்டு பக்கமும் தேவதாருக் கிளை நடுகிற வேலை. குளிர் அதிகம் என்று அம்மா அடுப்பை நன்றாக எரித்து மூடினாள். எனக்குத் தலை வலித்தது. பிறகு கால் இல்லாதது மாதிரி இருந்தது. அம்மா மேஜையடியில் உட்கார்ந்து, "ஏன் இருட்டா இருக்கு?" என்றாள். மணி பத்து. ஜன்னலில் வெயில். நான் கதவுக்குத் தவழ்ந்து போய் உன் கைப்பிடியை இழுத்தேன். வரவில்லை. கதவுப் பக்கம் வீடு இறங்கிவிட்டிருந்தது. நிலை கதவைக் கவ்விக்கொண்டது. புகைபோக்கியும் விரிசல் விட்டு, நச்சுப்புகை உள்ளே இறங்கியிருக்கிறது.

அப்பா மறந்து வைத்த கையுறையை எடுக்கத் திரும்பி வந்தார். கையுறையை மட்டும் அவர் மறக்காமல் இருந்திருந்தால். கோடரியால் கதவைப் பிளந்தார். எங்களைப் பனியில் இழுத்துப் போட்டு, "முழிச்சிரு! உஸ்தியா, கண்ணை மூடாதே, மூடினா உதைப்பேன்!" என்று கத்தினார். அம்மா இப்போது நடக்கிறாள். சில வார்த்தைகள் மறந்துபோகின்றன.

வெளியே கிடந்தபோது சுவரைப் பார்த்தேன். உன் கோடு கதவுப் பக்கம் ஒரு சாண் சரிந்திருந்தது.

இனி எழுதிவிடுகிறேன். ஆகஸ்டில் நான் எழுதாதது இது. நம் வீட்டில் லுகிச் ஐந்து முறை "சிலுவை" என்றார். ஐந்தாவது, வாசற்படிக்கு அடியில் படுத்திருக்கிற மரம். வாசற்படியே அதில்தான் வெட்டியிருக்கிறது. ஊசி கைப்பிடிவரை இறங்கியது. அவர் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நான் சிவப்புத் தூரிகையைத் தூக்கினேன். "நான் வந்து தட்ட ஒரு கதவு வேண்டும்" என்று நீ எழுதியிருந்தாய். தூரிகையை டப்பாவில் வைத்துவிட்டேன். ஊசி குத்திய துளைமேல் கறுப்பில் எண்ணை எழுதி மூடினேன். குமாஸ்தா வந்து நான்கு எண்ணினார்.

சிலுவை போட்ட நான்குக்கும் புது மரம் வந்தது. போடாத அது மட்டும் அப்படியே வந்து, எங்கள் மேல் உட்கார்ந்துவிட்டது.

கிளாவ்தியா அக்காவுக்கு ஐந்து போட்ட கை இது. அதே நாள். அதே டப்பா.

அலுவலகத்தில் போய்ச் சொல்லட்டுமா? யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

உஸ்தியா


வலது கரை
1953 டிசம்பர் 17

உஸ்தீனியா,

முதலில் எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அதில் உன்னைத் திட்டியிருந்தேன். முட்டாள், கொலைகாரி, இன்னும் என்னென்னவோ. பிறகு என் பழைய கடிதத்தை நீ எப்படிப் படித்திருப்பாய் என்று யோசித்தேன். "அந்த வீடு நிற்கட்டும்" என்று எழுதியவன் நான். உன் கையில் தூரிகை, என் கையில் உன் முழங்கை.

அந்த மரத்தில்தான் அப்பாவின் சத்தியம் இருக்கிறது என்பது உனக்குத் தோன்றவே இல்லையா? என்னைத் தடுக்கிற வாசற்படியை எனக்காகக் காப்பாற்றி வைத்திருக்கிறாய். சிரிப்பதா, அழுவதா?

உனக்கு ஒன்று சொல்கிறேன், அப்பாவுக்கும் தெரியாதது. அன்று நம் வீட்டில் கோடு போட வேண்டாம், வேறு ஆளை அனுப்புகிறேன் என்றுதான் அளவையாளர் சொன்னார். நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்நியன் ஒருவன் வந்து நம் அம்மா படுக்கிற இடத்துக்கு மேலே கோடு போடுவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. நம் வீட்டுக்கு நானே போட்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தேன். அப்பா அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இந்த வீட்டில் நீ ஒருத்திதான் ஊமை என்று நினைக்காதே.

அலுவலகத்துக்குப் போகாதே. காகிதத்தில் ஏறினால் அதற்குப் பேர் நாசவேலை. உன்னோடு அப்பாவையும் இழுக்கும். அந்த வேலையை மட்டும் விடு, என்ன காரணமாவது சொல். ஆனால் கிளாவ்தியாவிடம் சொல். அவளிடம் சொல்லாமல் இருப்பது இரண்டாவது திருட்டு. அவள் கத்தட்டும், அடிக்கட்டும். அவள் காட்டிக் கொடுத்தாலும் அது அவள் உரிமை.

அப்பா ஜாக்கி வைத்து முட்டுக்கொடுக்கட்டும். மரத்துக்கு நான் பார்க்கிறேன். இங்கே லார்ச் மரம் இருக்கிறது. தண்ணீரில் நூறு வருஷம் கிடந்தாலும் இற்றுப்போகாது. எப்படி வாங்குவேன் என்று கேட்காதே.

அம்மா எந்த வார்த்தைகளை மறக்கிறாள்?

புரோகோர்


புது ஒசோகினோ
1954 ஜனவரி 10

அன்புள்ள அண்ணா,

சொல்லிவிட்டேன்.

புது வருஷத்துக்கு மறுநாள் கொட்டகைக்குப் போனேன். போர்வைத் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆரம்பித்தேன், நின்றேன், ஆரம்பித்தேன். கிளாவ்தியா அக்கா, "வாயைத் தெறந்தா முத்தா உதிர்ந்துடும்? சொல்லித் தொலை" என்றாள். சொன்னேன். அவள் ரொம்ப நேரம் லீதாவின் சட்டையை மடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"என் வீட்டுல அஞ்சும் எண்ணத் தெரிஞ்சுது. உன் வீட்டுல நாலோட பள்ளிக்கூடம் விட்டுருச்சா?"

"தப்புதான் அக்கா."

"உன் தப்பை வெச்சு நான் அடுப்பு மூட்ட முடியுமா? எம் பொண்ணு ராத்திரி பூரா இருமறா."

நான் அழ ஆரம்பித்தேன். "அழுகாதே, இங்க ஏற்கனவே ஈரம்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் எங்கள் வாசலில் வந்து நின்றாள். முதுகில் மூட்டை, கையில் லீதா, மறு கையில் தேநீர் காய்ச்சுகிற சமோவார். அப்பா பிளந்த கதவுக்கு மேலும் ஒரு பலகை அடித்துக்கொண்டிருந்தார். "என்ன கிளாவ்தியா, ஊருக்கா?" என்றார். அவள், "இல்ல யெவ்செய் அண்ணே, வீட்டுக்கு. பாதி வீடு என்னுது. உங்க பொண்ணைக் கேளுங்க" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கரும்பலகை மாதிரியே இருந்தது. என்னால் முடியவில்லை. கிளாவ்தியா அக்காதான் சொன்னாள். நீயும் நானும் எழுதிக்கொள்வதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். நான் அவளிடம் எதையும் மறைக்கவில்லை.

அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். வாசற்படியில் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலால் மரத்தை அழுத்தினார். விரல் ரொட்டியில் போவது போலப் போனது.

"இது மெத்துன்னு இருக்கறது எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் மிதிச்சவன். அடுக்கும்போது தச்சன் வந்து காதுல சொன்னான், 'பெரியவரே, இந்த மரம் ஆகாது'ன்னு. 'வாயை மூடிட்டு வை'ன்னேன். லுகிச்சோட கண்ணு தப்பிடுச்சு, நம்ம அதிர்ஷ்டம்னு நெனச்சேன். மாத்து மரம் கேட்டா ஊர்ல எங்க இருக்கு? எல்லாம் தொழிற்சாலைக்குப் போகுது."

அவர் எழுந்து கிளாவ்தியா அக்காவின் சமோவாரை வாங்கி உள்ளே கொண்டுபோனார். "ஜன்னல் பக்கம் படுத்துக்கோங்க. கதவுப் பக்கம் நம்பாதீங்க" என்றார். அவ்வளவுதான்.

அவள் என்னோடு பேசுவதில்லை. என் தட்டை மட்டும் கழுவ மாட்டாள். லீதா அடுப்புமேல் இருக்கிற சூடான படுக்கைத் திட்டில் அம்மாவோடு படுக்கிறது. இருமல் குறைந்திருக்கிறது. அம்மா மறந்த வார்த்தைகளை அது எடுத்துக் கொடுக்கிறது. கரண்டி, வாளி, வியாழன். உன் பேரை அம்மா மறக்கவில்லை.

நான் சாயவாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது பூச்சு வேலையில் சாந்து சுமக்கிறேன். எட்டாவது வட்டாரத்தில் செங்கல் கட்டடங்கள் வருகின்றன. செங்கல்லுக்கு எண் கிடையாது.

வீடு இரண்டு ஜாக்கிமேல் நிற்கிறது. மரம் கிடைத்ததா?

உஸ்தியா


வலது கரை
1954 மார்ச் 2

மீனே,

கிடைத்தது. எனக்குச் சிறந்த தொழிலாளி என்று கடலோர ஓய்வில்லத்துக்கு அனுமதிச்சீட்டு கொடுத்தார்கள், இருபத்துநான்கு நாள், பனைமரம் எல்லாம் உண்டாம். அதை மேஸ்திரிக்குக் கொடுத்துவிட்டேன். அவர் எனக்கு முட்டுக்கொடுத்து மிஞ்சிய லார்ச் ஒன்று கொடுத்தார், கையெழுத்தோடு. நேர்மையாகத்தான். பனைமரத்துக்கு லார்ச்.

மார்ச் 21, ஞாயிற்றுக்கிழமை, டிராக்டரில் மரத்தைக் கொண்டு வருகிறேன். டிராக்டர் சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும். பனிப்பாதையில் அப்பாவின் கிளைகள் நிற்கின்றனவா? அதைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டி வர வேண்டும்.

அப்பாவிடம் முன்கூட்டியே சொல். நான் முற்றத்தில்தான் நிற்பேன். மரம் வைக்க இரண்டு ஆள் வேண்டும், அதற்காக மட்டும். வாசற்படியைத் தாண்ட மாட்டேன். அவர் வார்த்தை அவருடையது.

கிளாவ்தியாவிடம் சொல்: பாதி வீடு என்றால் பாதி ஜாக்கியும் அவள்தான் சுற்ற வேண்டும்.

புரோகோர்


புது ஒசோகினோ
1954 மார்ச் 23

அன்புள்ள அண்ணா,

நீ போன பிறகு நடந்ததை உடனே எழுத வேண்டும். நேற்று வேலை முடிய இரவாகிவிட்டது, அதனால் இன்று.

நீயும் அப்பாவும் அன்று முழுக்கப் பேசியதை எண்ணினேன். "பிடி." "விடு." "கொஞ்சம் மேல." அப்பா உள்ளே ஜாக்கியைச் சுற்றிக்கொண்டே, "கோடு நேரா இருக்கா?" என்று கேட்டார். நீ வெளியே நின்று, "இன்னும் ஒரு விரல்" என்று கத்தினாய். அப்பா தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டது உனக்குக் கேட்டிருக்காது. "நல்லாத்தான் போட்டிருக்கான்." கிளாவ்தியா அக்கா ஜாக்கியைப் பாதிக்கு மேலேயே சுற்றினாள். உன்னிடம் பேசினாள், "அடேய் பனைமரம்" என்று கூப்பிட்டாள். என்னிடம் இன்னும் இல்லை.

நீ டிராக்டரை எடுத்துக்கொண்டு திரும்பியதும் நாங்கள் கதவை மாட்டினோம். சத்தமே இல்லாமல் மூடியது. அம்மா அதை நாலைந்து முறை திறந்து மூடிப் பார்த்தாள். பழைய வாசற்படியைக் கிளாவ்தியா அக்கா வெட்டி அடுப்பில் தள்ளினாள். "எரியறதுக்குக்கூட லாயக்கில்லை" என்று வைதாள். முதலில் புகைந்தது. பிறகு எரிந்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். நாங்கள் ஐந்து பேர். அம்மா ஆறு கிண்ணம் வைத்திருந்தாள். எண்ணிக்கை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் ஆறாவதின் அருகில் அந்த ஒற்றைக் கம்பளிப் பூட்ஸ் இருந்தது. அப்பா சூப்பைப் பார்த்தே குடித்தார்.

நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை, உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம். காது அடைத்தது, பள்ளிக்கூடத்தில் போலவே. ஆனால் குரல் வந்தது.

"அப்பா, நீங்க சத்தியம் பண்ணது அந்த வாசப்படி மேல. அது இப்போ அடுப்புல எரியுது. இது வேற வாசப்படி. இது அண்ணன் கொண்டுவந்தது."

"அட, மீனு பேசுது!" என்றாள் கிளாவ்தியா அக்கா. அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். இரண்டரை மாதத்துக்குப் பிறகு.

அப்பா கரண்டியை வைக்கவில்லை. சூப்பை முடித்தார், கிண்ணத்தை ரொட்டியால் துடைத்தார். எழுந்து கதவைத் திறந்து வெளியே போனார். குளிர் உள்ளே வந்தது. தொழிற்சாலையின் மூன்று புகைபோக்கியும் அந்தப் பக்கம் தெரிந்தன, அவருக்குப் பின்னால். ரொம்ப நேரம் நின்றார். கிளாவ்தியா அக்கா, "கதவைச் சாத்துங்க அண்ணே, புள்ளைக்குக் குளிருது" என்ற பிறகுதான் காலைத் தூக்கி, மரத்தை மிதிக்காமல், உள்ளே வந்தார். வந்தவர் குனிந்து, லார்ச் நிலையோடு சேருகிற இடத்தை விரலால் தடவினார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

"அவனுக்கு எழுது. ஏப்ரல் நாலாந்தேதி வரைக்கும் பனிப்பாதையில கிளை நிக்கும். நான் நட்டது, நான் பொறுப்பு. அஞ்சாந்தேதி எடுத்துடுவேன். அதுக்கப்புறம் ஆறு எவன் பேச்சையும் கேக்காது. அவங்க அணை பேச்சையும் கேக்காது."

பிறகு,

"பூட்ஸைத் தொடச்சுட்டு உள்ள வரச் சொல்லு."

வீட்டில் இடம் இல்லை என்று முன்பே சொல்லிவிடுகிறேன். லீதாவும் அம்மாவும் அடுப்புமேல், கிளாவ்தியா அக்கா ஜன்னல் பக்கம், அப்பா பெஞ்சுமேல், நான் பெட்டிமேல். உனக்குக் கதவுப் பக்கம்தான். இப்போது அந்தப் பக்கம் நம்பலாம்.

அண்ணா, பனி கறுக்க ஆரம்பித்துவிட்டது. பகலில் அதன்மேல் தண்ணீர் நிற்கிறது. இன்று இருபத்துமூன்று. கடிதத்துக்கு எட்டு நாள், முப்பத்தொன்று. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு நாள் இருக்கிறது. இரண்டு தடவை எண்ணிவிட்டேன். இந்த முறை ஒன்றையும் விடவில்லை.

உன் தங்கை,
உஸ்தியா